ஸ்வீடனில் நடக்கும் பழைய அமெரிக்கக் கார் சந்திப்பில், ஷெவர்லே ஷெவெல் காரின் சூப்பர் ஸ்போர்ட் வகையான அசல் எஸ்.எஸ். எது, வேஷம் போட்டது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அங்கே வேலையில் இருக்கிறீர்கள், முதல் முறை போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் ஊர். 1978-ல் வெஸ்டெரோஸில் தொடங்கிய பவர் பிக் மீட் என்ற இந்தச் சந்திப்பு பிறகு லிட்ஷோப்பிங்குக்கு மாறிவிட்டது. பழைய பதிவை நம்பி டிக்கெட் போட்டால் தப்பான ஊரில் இறங்குவீர்கள்.

பேட்ஜைப் பார்க்காதீர்கள். எஸ்.எஸ். எழுத்தும் கறுப்பு கிரில்லும் காசு கொடுத்தால் வீடு தேடி வரும். ஆலையில் அடித்த வண்டி அடையாள எண்ணைப் படியுங்கள், நம்பர் பிளேட்டை அல்ல. 1966 முதல் 1968 வரையான எஸ்.எஸ். 396 (396 கன அங்குல எஞ்சின்) என்றால் 138 என்று தொடங்கும். 136 என்றால் எஸ்.எஸ். அல்லாத வி8 ஷெவெல் மாலிபுதான். 68-ல் டாஷ்போர்டின் ஓட்டுநர் பக்க (இடது) மூலையில், கண்ணாடி வழியாகவே தெரியும். 66, 67-ல் ஓட்டுநர் கதவின் கீல் தூணில் இருக்கும். உரிமையாளரைக் கேட்காமல் கதவைத் தொடாதீர்கள். 69 முதல் 71 வரை இந்த வித்தை பலிக்காது. எஸ்.எஸ். வெறும் ஆப்ஷன் ஆகிவிட்டதால் எண்ணில் தடயமே இருக்காது. பெட்ரோல் டேங்க் மேல் ஆலையில் செருகி வைத்த பில்ட் ஷீட் (வண்டியில் என்னென்ன போட்டார்கள் என்ற பட்டியல்) கிடைத்ததா என்று கேளுங்கள்.

பானெட் திறந்திருந்தால் எஞ்சினின் முன்பக்கம், பயணி பக்க (வலது) சிலிண்டர் ஹெட்டை ஒட்டி ஒரு சிறு தட்டைப் பரப்பு தெரியும். அதில் 'டி' (T) என்றால் டோனவாண்டா ஆலை. அடுத்த நாலு இலக்கம் மாதமும் தேதியும். டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். ஒரே திசையில் மெல்லிய இணைகோடுகள் ஓடினால் நல்லது. வழவழவென்றோ வட்டச் சுரண்டலாகவோ இருந்தால் தேய்த்து மறுபடி எண் அடித்திருக்கலாம். 'அதெல்லாம் பொய், ரீபில்டில் பிளாக்கைச் சீவினாலும் கோடு போகும்' என்று யாராவது வருவார்கள். உண்மைதான், அதனால்தான் 'அடித்திருக்கலாம்' என்கிறேன்.

அடுத்து எஞ்சின் பிளாக்கை வார்த்த தேதி. 396-ல் பிளாக்கின் பயணி பக்கம், ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒட்டி இருக்கும். சின்னக் கண்ணாடி ஒன்று வேண்டும். ஏ ஜனவரி, எல் டிசம்பர். பிறகு நாள், கடைசியில் ஆண்டின் கடைசி இலக்கம். 'சி 14 8' என்றால் 1968 மார்ச் 14. வண்டி கட்டிய தேதிக்குப் பிந்திய வார்ப்பு என்றால் எஞ்சின் மாற்றியது, பேச்சே இல்லை.

குளோன், அதாவது வேஷம் போட்ட வண்டி, மட்டமானது என்று நான் சொல்லவில்லை. அசல் விலைக்கு விற்பதுதான் மோசடி.

 

வாங்கும் எண்ணமிருந்தால் பின்கண்ணாடியின் கீழ் மூலைகளைப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே துரு. அங்கே இறங்கும் தண்ணீர் டிக்கித் தரையில் தேங்கும். டிக்கி விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.