கருடன் குறுக்கே வந்தால் விமானி என்ன செய்வார்?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிறு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்தே பல வருஷம் போய்விட்டது. வானத்தில் பறவைகளோடு பட்ட பாட்டைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

செந்தூல் மாணவர்: ஐயா, உங்கள் விமானத்தில் பறவை மோதியிருக்கிறதா?

இரண்டு முறை. முதலாவது ஒரு மைனா. இறங்கிய பிறகு இறக்கை விளிம்பில் ரத்தக்கறையைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

இரண்டாவதை மறக்க முடியாது. செஸ்னா 172 என்ற சிறு விமானம், சுமார் ஆயிரம் அடி உயரம், பக்கத்து இருக்கையில் பயிற்சிக்கு வந்த தம்பி. எதிரே ஒரு செம்பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. நம்மவர்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதேதான். "சார், கருடன்!" என்று அவன் கையை எடுத்துக் கும்பிடவே போய்விட்டான். நான் விமானத்தை மேலே ஏற்றினேன், பறவை கீழே பாய்ந்தது. அப்படியும் வலது சக்கரப் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் சக்கர உறை பிளந்து, இடுக்கில் செம்பழுப்பு இறகுகள்.

கிள்ளான் வாசகர்: ஏன் மேலே ஏற்றினீர்கள்? பக்கவாட்டில் திருப்பக் கூடாதா?

பயந்த பறவை பெரும்பாலும் இறக்கையை மடக்கிக்கொண்டு கீழேதான் பாயும். அதனால்தான் மேலே ஏறச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் இது போதுமான வேகமும் உயரமும் இருக்கும்போது மட்டும். ஓடுபாதையை நெருங்கிவிட்ட நேரத்தில் பதறிப்போய் மூக்கைத் தூக்கினால் வேகம் செத்து, இறக்கை தாங்கும் சக்தியை இழந்துவிடும். ஸ்டால் என்பது இதைத்தான். தரைக்குப் பக்கத்தில் ஸ்டால் ஆனால் மீட்க உயரம் இருக்காது. அந்த இடத்தில் நேரே போய்ப் பறவையை இடித்தாலும் பரவாயில்லை என்பேன். கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: அரைக் கிலோ பறவை விமானத்தை என்ன செய்துவிடும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அரைக் கிலோ பறவை மோதுவது, ஐந்து கிலோ அரிசிப் பையை ஐந்தாவது மாடியிலிருந்து போடுவதற்குச் சமம். பெரிய பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி, விமானம் பறக்கும் வேகத்தில் 1.8 கிலோ பறவை மோதினாலும் தாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. செஸ்னா மாதிரி ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதன் கண்ணாடி வெறும் அக்ரிலிக் பிளாஸ்டிக். வேகத்தைப் பாதியாக்கினால் மோதும் சக்தி கால் பங்காகிவிடும். அதனால் பறவைகள் திரியும் இடத்தில் நான் முதலில் எஞ்சினைக் குறைப்பேன்.

அதே வாசகர்: கண்ணாடியே உடைந்துவிட்டால்?

காற்று முகத்தில் அறையும், ரேடியோ கேட்காது, மடியில் ரத்தமும் இறகும். தலையைத் தாழ்த்திக்கொண்டு விமானத்தை ஓட்டுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். வேகத்தைக் குறைத்தால் காற்றும் குறையும். எஞ்சின் அதிர்கிறதா, சூடு ஏறுகிறதா என்று பாருங்கள். இறங்குவதற்கு முன், உயரத்தில் இருக்கும்போதே, இறங்கும் வேகத்தில் விமானம் சொன்னபடி கேட்கிறதா என்று ஒரு முறை சோதியுங்கள். இதற்காகவே மூக்குக் கண்ணாடி அணியாமல் நான் ஏறுவதே இல்லை, பார்வை நன்றாக இருந்தாலும்.

ஜார்ஜ்டவுன் அக்கா: எங்கள் பக்கம் கூடு எடுக்கும் உழவாரன் குருவிகள் கூட்டமாகச் சுற்றுகின்றனவே, ஆபத்தா?

பதினைந்து கிராம் எடை, அக்கா. பெரிதாக ஒன்றும் செய்யாது.

எனக்குப் பயம் மைனாவிடம்தான், அதுவும் தரையில். நிறுத்தி வைத்த விமானத்தின் எஞ்சின் மூடிக்குள் காற்று போகும் ஓட்டை வழியாக நுழைந்து கூடு கட்டிவிடும். காலையில் சுத்தமாக இருந்த எஞ்சினில் மத்தியானம் ஒரு கைப்பிடி வைக்கோல், சிகரெட் பஞ்சு, பிளாஸ்டிக் பை நறுக்கு எல்லாம் எடுத்திருக்கிறேன். தெரியாமல் கிளப்பினால் கூடு தீப்பற்றும், அல்லது காற்று தடைபட்டு எஞ்சின் சூடாகிவிடும். டார்ச் அடித்து உள்ளே பார்க்காத மாணவனை நான் அன்றைக்குப் பறக்கவே விட மாட்டேன்.

போர்ட் டிக்சன் வாசகர்: எந்த மாதங்களில் கவனமாக இருக்க வேண்டும்?

உங்கள் ஊர்ப் பக்கமே பதில் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து, தேன்பருந்துகள் தஞ்சோங் துவானில் கரையேறி வடக்கே போகும். நிலம் சூடாகி வெப்பக்காற்று எழும்பிய பிறகுதான் அவை மேலே ஏறும். நம் சிறு விமானங்கள் பறக்கும் உயரமும் அதே. அந்தக் காலத்தில் கரையோரப் பயிற்சியை விடிகாலைக்கு மாற்றிவிடுவேன்.

பூச்சோங் வாசகர்: காக்கை?

காக்கை கெட்டிக்காரன், பெரும்பாலும் விலகிவிடும். சொல்லப்போனால் அதுவும் குடியேறியதுதான். காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்ன 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஈப்போ மாணவி: இது எப்போது தொடங்கிய பிரச்சினை, ஐயா?

விமானத்தோடு கூடவே பிறந்தது, மகளே. 1905-லேயே ஆர்வில் ரைட் ஒரு பறவையை இடித்திருக்கிறார். 1912-ல் கலிபோர்னியாவில் கால் ரோட்ஜர்ஸ் என்ற விமானி, கடற்பறவை மோதி விமானம் கடலில் விழுந்து இறந்தார்.

பட்டர்வொர்த் அம்மா: கருடனை இடித்தது பாவமில்லையா, தம்பி?

என் அம்மாவும் இதையேதான் கேட்டார். பெருமாள் கோயிலில் நெய்விளக்கு ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். அன்றிலிருந்து விமானத்திலும் ஒரு விளக்குப் போடுகிறேன். இறங்கும்போது போடும் லேண்டிங் லைட் பட்டப்பகலிலும் எரியும். நாம் வருவது கருடனுக்குக் கொஞ்சம் முன்னதாகவே தெரியட்டும்.