வாசகர் கேள்வி – பதில்: ப்ளூஸில் கட்டைவிரலின் வேலை

கேள்வி: இசைக் கட்டுரைகள் எழுதுகிறேன். ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) கலைஞர்கள் சிலர் அமெரிக்காவை விட்டுவிட்டு ஐரோப்பாவிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார்களாமே? யார் யார்? எப்படிப் பிழைத்தார்கள்?
– மதுரை வாசகர்

பதில்: நியூ ஆர்லியன்ஸில் பிறந்த சாம்பியன் ஜாக் டுப்ரீ 1960-இல் ஐரோப்பா வந்தார். பல நாடுகளில் இருந்துவிட்டு, மனைவியின் ஊரான இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் குடும்பம் நடத்தினார். 1992-இல் ஜெர்மனியின் ஹனோவரில் காலமானார். மெம்ஃபிஸ் ஸ்லிம் 1962-இல் பாரிஸில் குடியேறி, 1988-இல் அங்கேயே மறைந்தார். எடி பாய்டுக்கு ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி கடைசி ஊராயிற்று, 1994-இல் மறைந்தார். அமெரிக்காவின் நிறவெறி இவர்களை வெளியே தள்ளியது. 1962-இல் தொடங்கிய அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல் ஐரோப்பிய ஊர்களில் ப்ளூஸுக்குக் கூட்டம் சேர்த்தது.

கட்டுரையில் விட்டுவிடக் கூடாத செய்தி ஒன்று உண்டு. மூவருமே பியானோக்காரர்கள். இடது கை தாளத்தையும் அடிசுருதியையும் பார்த்துக்கொள்ளும். வலது கை பாட்டோடு பேசும். பக்கவாத்தியம் இல்லாமலே ஒரு கச்சேரி நடத்திவிடலாம். ஊர்விட்டு ஊர் வந்து, பிள்ளைகுட்டியோடு இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய பலம்!

கேள்வி: டொராண்டோவில் அடுக்குமாடிக் குடியிருப்பு. குழந்தைகள் தூங்கிய பிறகுதான் கிடாரை எடுக்க முடிகிறது. கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) சரியாக விழுகின்றன. ஆனால் ப்ளூஸ் மாதிரி கேட்கவில்லை. எங்கே தப்பு?
– கனடா வாசகர்

பதில்: பெரும்பாலும் வலது கைக் கட்டைவிரலில். பியானோக்காரரின் இடது கை செய்வதை கிடாரில் அதுதான் செய்ய வேண்டும்.

முதலில் சத்தத்தைக் குறையுங்கள். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, பிரிட்ஜை (கம்பிகள் கிடாரின் உடலில் பூட்டியிருக்கும் கட்டையை) ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். ஒலி 'டொம் டொம்' என்று அடங்கும். பக்கத்து அறைக்கு எட்டாது. பழைய நாட்டுப்புற ப்ளூஸ்காரர்கள் உள்ளங்கையின் அடிப்பகுதியை பிரிட்ஜில் வைத்து எடுக்கும் ஒலியும் ஏறத்தாழ இதுவே. ஸ்பாஞ்ச் சுருதி பிசகும் அளவுக்குக் கம்பியைத் தூக்கினால் மெல்லியதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

ப்ளூஸின் ஒரு சுற்று 12 பார்; ஒரு பார் என்பது நான்கு அடி. ஈ சுருதியில் கார்டுகள் வரும் வரிசை இப்படி: ஈ7 நான்கு பார், ஏ7 இரண்டு, ஈ7 இரண்டு, பி7 ஒன்று, ஏ7 ஒன்று, ஈ7 ஒன்று, திரும்புவதற்கு பி7 ஒன்று. கட்டைவிரலுக்கு ஈ என்றால் திறந்த (இடது கை அழுத்தாத) 6-ஆம் கம்பி, அதாவது தடித்த கம்பி, ஏ என்றால் திறந்த 5-ஆம் கம்பி, பி என்றால் 5-ஆம் கம்பியில் 2-ஆம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி). மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, பாருக்கு நான்கு அடி, கட்டைவிரல் மட்டும், மூன்று சுற்று.

அடுத்தது நடை. கர்நாடக இசை கேட்ட காதுக்கு இது எளிது: திஸ்ர நடை, அடிக்கு மூன்று எழுத்து. ஒவ்வொரு அடியிலும் 'தகிட' சொல்லுங்கள். 'த'வில் கட்டைவிரல், 'ட'வில் ஆள்காட்டி விரல் 1-ஆம் கம்பியில். 'கி' மௌனம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'ட'வைத் தாமதித்து அடுத்த அடியோடு ஒட்டிவிட்டால் அது 'தகதிமி'யின் கடைசி எழுத்தாகிவிடும்; ப்ளூஸ் போய் அணிவகுப்பு நடை வந்துவிடும். இரண்டையும் சம இடைவெளியில் அடித்தால் திஸ்ரமே இல்லை. வாய்விட்டுச் சொல்லாமல் இதைத் திருத்துவது கஷ்டம், முணுமுணுத்தாலும் போதும். ஆள்காட்டி விரல் அடிக்கு நடுவே விழும்போது கட்டைவிரலும் கூடவே ஓடப் பார்க்கும். ஓடினால் ஆள்காட்டி விரலை நிறுத்துங்கள், கட்டைவிரலை நிறுத்தாதீர்கள்.

மிச்சம் காந்தாரம். ஈயை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். 1-ஆம் கம்பியின் 4-ஆம் ஃப்ரெட் அந்தர காந்தாரம், 3-ஆம் ஃப்ரெட் சாதாரண காந்தாரம். ப்ளூஸின் உயிர் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. 4-ஆம் ஃப்ரெட்டைத் தட்டிக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு 3-இல் அழுத்தி, கம்பியை 2-ஆம் கம்பி இருக்கும் பக்கமாகத் தள்ளுங்கள். மறுபக்கம் இழுத்தால் விளிம்பைவிட்டு நழுவும். அந்தர காந்தாரத்தைத் தொடும் முன்பே நின்றுவிட வேண்டும்.

கேள்வி: சென்னையில் வாங்கிய கிடார். இங்கே குளிர்காலத்தில் ஃப்ரெட் முனைகள் கையைக் குத்துகின்றன, கம்பியும் அதிர்கிறது. கடைக்குப் போக வேண்டுமா?
– நார்வே வாசகர்

பதில்: இப்போதே வேண்டாம். ஹீட்டர் போட்ட வீட்டில் காற்று வறண்டு மரம் சுருங்குகிறது. விரற்பலகை ஒடுங்குவதால் ஃப்ரெட் முனை வெளியே நீட்டுகிறது; மேற்பலகை தாழ்வதால் கம்பி ஃப்ரெட்டில் உரசுகிறது. இப்படியே விட்டால் மேற்பலகை வெடிக்கும்.

சோப்பு டப்பாவில் ஓட்டைகள் போட்டு, நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை உள்ளே வைத்து, கிடார் பெட்டியில் தலைப்பக்கம் போடுங்கள். சொட்டு நீர்கூட மரத்தில் படக் கூடாது. கூடவே ஒரு ஈரப்பதமானி; 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்கட்டும். உறைபனியில் வெளியே எடுத்துப் போய் வந்தால் பெட்டியை உடனே திறக்காமல் சில மணி நேரம் மூடியே வையுங்கள். இல்லையென்றால் வார்னிஷ் மயிர்க்கோடாக விரியும். ஈரப்பதம் சீரான பிறகும் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். அப்போதும் முனை குத்தினால் ரிப்பேர்காரரிடம் கொடுத்து அரம் போடச் சொல்லுங்கள். அதற்கு முன் அரம் போட்டால், கோடையில் மரம் விரிந்தபின் ஃப்ரெட் குட்டையாக நிற்கும்.