வாசகர் கேள்விகள்: கோயில் காட்டுக்குள் போகும் மாணவர்களுக்கு

(இந்த இதழில் பதில் சொல்பவர் புதுக்கோட்டை மாவட்டத்தில் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

ஐயா, எங்கள் என்.எஸ்.எஸ். முகாம் ஏழு நாள், பக்கத்து ஊர் அய்யனார் கோயில் காட்டில். ஐந்நூறு கன்று வாங்கப் பணம் சேர்த்துவிட்டோம். எந்த மரம் வைக்கலாம்?
*இரண்டாம் ஆண்டு மாணவி, பொன்னமராவதி*

பணம் இருக்கட்டும் அம்மா, கன்றை இப்போது வாங்காதீர்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் ஐம்பது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு கோயில் காட்டுக்குப் போனேன். மூன்று நாளில் புதரையெல்லாம் வெட்டி, தரையைக் கல்யாணப் பந்தல் போட்ட மாதிரி சுத்தமாக்கிவிட்டோம். வேம்பு, புங்கன், போதாக்குறைக்கு வெளிநாட்டு அழகு மரமான மயில்கொன்றை நட்டோம். வெளியூர் போயிருந்த வேளார் பூசாரி நான்காம் நாள் வந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “காட்ட வழிச்சுப்புட்டீங்களே சார்” என்றார்.

புதர் என்று நாங்கள் வெட்டியது காரை, சூரை, சங்கஞ்செடி. அந்த முள்ளுக்குள் ஆடு வாய் வைக்க முடியாத இடத்தில்தான் வீரை, காசான் என்ற நாட்டு மரங்கள் கன்றாக நின்றிருக்கின்றன. வீரை மெதுவாக வளர்வது. முழங்கால் உயரக் கன்றுக்குக்கூடப் பல வயது இருக்கும். பாடம் நடத்துகிறவனுக்கே அது கண்ணில் படவில்லை. குளமங்கலத்து அய்யனாருக்குப் பெயரே பெருங்காரையடி மிண்ட அய்யனார். சாமியே காரையடியில் இருக்கும்போது நாம் அதைக் களை என்று வெட்டினோம்!

அதனால் முதல் இரண்டு நாள் அரிவாளைத் தொடாதீர்கள். பூசாரியோடும், அங்கே ஆடு மேய்க்கும் பெண்களோடும் நடங்கள். தானாக முளைத்த நாட்டுக் கன்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சி நட்டு, பழைய சேலைக் கிழிசலைக் கட்டுங்கள். எண்ணிப் பார்த்தால் உங்கள் ஐந்நூறில் பாதி அங்கேயே நிற்கலாம். நடுவது பிறகு, காலியான ஓரங்களில் மட்டும், அதே காட்டு விதையிலிருந்து வளர்த்த கன்றாக. நாவல் பழம் பொறுக்கினால் அன்றே கழுவி விதைத்துவிடுங்கள். அந்த விதை உலர்ந்தால் முளைக்காது.

சீமைக்கருவேலம் வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. ஜேசிபி விட்டால் ஒரே நாளில் முடியுமே?
*ஊராட்சி உறுப்பினர், திருமயம் வட்டம்*

முடியும், காடும் சேர்ந்து முடியும். அந்த வண்டி பக்கத்து மரத்தின் வேரை அறுத்து, மண்ணையும் இறுக்கிவிட்டுப் போகும். தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி கிளைக்கும்; தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். பெரிய மரத்தைக் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் விடுங்கள், மாணவர்களுக்கு அது ஆபத்தான வேலை. அவர்களுக்கு ஏற்றது மழை பெய்த மறுநாள் சிறு நாற்றுகளை வேரோடு பிடுங்குவது. ஆடுமாடு நெற்றைத் தின்றால் விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும் என்பதால் இது வருடா வருடம் வரும் வேலை. இன்னொன்று: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். அதன் நிழலில் நாட்டுக் கன்று நின்றால் அது தலையெடுக்கும்வரை அந்த ஒரு மரத்தை விட்டுவைப்பேன்.

காட்டுக்குள் செருப்பைக் கழற்று, அரிவாள் கொண்டுவராதே என்கிறார்கள். அறிவியல் படிக்கும் நாங்களும் கேட்கத்தான் வேண்டுமா?
*ஒரு மாணவர், காரைக்குடி*

கேளுங்கள் தம்பி. அரிவாள் நுழையாததால்தான் நீங்கள் சீரமைக்க ஒரு காடு மிச்சமிருக்கிறது. முள் வேலைக்குச் செருப்பு வேண்டுமென்றால் பூசாரியிடம் நேராகச் சொல்லுங்கள். எங்களுக்கு மண்குதிரை வரிசைக்கு வெளியே அனுமதி கிடைத்தது.

மாணவர்கள் நட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தண்ணீர் யார் ஊற்றுவது?
*பள்ளி ஆசிரியை, கீரனூர்*

ஐப்பசி மழையில் நட்டது கார்த்திகை வரை தானாகப் பிழைக்கும். சித்திரையில்தான் சாகும், அப்போது முகாம் பிள்ளைகள் விடுமுறையில் அவரவர் வீட்டில் இருப்பார்கள். நாங்கள் இரண்டாம் முறை போனபோது அறுபதே கன்று. முகாம் பிள்ளைகள் குழி வெட்டி நட்டார்கள் (பிளாஸ்டிக் பையோடு நட்டவர்களும் உண்டு, தோண்டி எடுக்க வைத்தேன்). தண்ணீருக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமே கேட்டோம். இரண்டு பேருக்கு ஒரு வரிசை, வாரம் இருமுறை, குளத்திலிருந்து குடத்தில். தங்கள் கன்றுக்குப் பேர் வைத்துக்கொண்டார்கள். ஒன்றுக்கு என் பேர். அதுதான் முதலில் பட்டுப்போனது.

காசம்பட்டிக் காட்டுக்குக் கிடைத்த அங்கீகாரம் எங்கள் ஊர்க் காட்டுக்கும் கிடைக்குமா? மாணவர்கள் இதில் உதவ முடியுமா?
*ஒரு வாசகர், சிவகங்கை*

தமிழ்நாட்டில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இலும், திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காடு 2025-இலும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிர்வளத்துக்காகக் காக்க வேண்டிய இடமாக, அறிவிக்கப்பட்டன. காசம்பட்டிக் காடு ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. அதனால் சிறியது என்று தயங்க வேண்டாம். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சியைக் கலந்து மாநில அரசு இப்படி அறிவிக்கலாம். உங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம், ஊரின் உயிரினங்களையும் அவற்றைப் பற்றி ஊரார் அறிந்ததையும் எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்ன நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். மாணவர்களுக்கு மண்வெட்டியைவிடப் பொருத்தமான வேலை அங்கே இருக்கிறது: எந்த மரம், ஊரில் அதற்கு என்ன பெயர், எப்போது பூக்கும், யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பெரியவர்களிடம் உட்கார்ந்து எழுதுவது.

எங்கள் காட்டின் பட்டியலைப் பூசாரியின் பேரன்தான் எழுதினார். நான் நட்ட மயில்கொன்றை ஒன்று இன்னும் நிற்கிறது. ‘ஊர்ப்பெயர்’ என்ற கட்டத்தில் அதற்கு நேராக ‘சார் மரம்’ என்று எழுதியிருக்கிறார்.