மாலையில் கேத்தல் ஏன் மெதுவாகக் கொதிக்கிறது?

கேள்வி: எங்கள் மின்கேத்தலில் 230 வோல்ற்று, 2000 வாற்று என்று பொறிக்கப்பட்டுள்ளது. இரவு ஏழு மணிக்குப் பின்னர் தண்ணீர் கொதிக்கத் தாமதமாவதால், அண்ணா பல்மானியால் அளந்து பார்த்தார். 200 வோல்ற்றுத்தான் இருந்தது. 2000ஐ 230ஆல் வகுத்து மின்னோட்டம் 8.7 அம்பியர் என்று எடுத்து, அதை 200ஆல் பெருக்கி, வலு 1740 வாற்று என்று எழுதினேன். ஆசிரியை பிழை என்றார். எங்கே பிழை? வோல்ற்றளவு குறைந்தால் மின்கட்டணமும் குறையுமா?
– தரம் 11 மாணவி, கோண்டாவில்

பதில்: வீட்டில் கண்டதைக் கணக்கில் எழுதிப் பார்த்தீர்களே, அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. வோல்ற்றளவை மின்னோட்டத்தால் பெருக்கினால் வலு கிடைக்கும் என்பது சரியே. ஆனால் 8.7 அம்பியர் என்பது 230 வோல்ற்றில் மட்டும் பாயும் ஓட்டம்; அதை 200 வோல்ற்றுக்கும் அப்படியே வைத்துக்கொண்டதுதான் பிழை. கேத்தலில் ஏறத்தாழ மாறாமல் இருப்பது அதன் வெப்பமாக்கும் சுருளின் தடை. வெப்பநிலை மாறாதிருக்கும்போது ஒரு கடத்தியின் ஊடான மின்னோட்டம் அதன் முனைகளுக்கிடையிலான அழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதசமம் என்று 1827இல் ஜோர்ஜ் ஓம் வெளியிட்ட விதி இங்கேதான் உதவுகிறது.

முதலில் தடையைக் காணுங்கள்: 230ஐ 8.7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26.4 ஓம். இனி 200ஐ அதனால் வகுத்தால் மின்னோட்டம் 7.6 அம்பியராகக் குறைந்திருப்பதைக் காண்பீர்கள். வலு ஏறத்தாழ 1510 வாற்று. வோல்ற்றளவு குறையும்போது மின்னோட்டமும் கூடவே குறைவதால், வலு வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. ஆகவே வோல்ற்றளவில் 13 சதவீதம் குறைந்ததற்கு வலுவில் 24 சதவீதம் போய்விட்டது.

கட்டணம் பற்றிய கேள்வியைத்தான் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். 28 பாகை செல்சியசில் உள்ள ஒரு லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 302 கிலோயூல் சக்தி தேவை. 2000 வாற்றில் அதற்கு இரண்டரை நிமிடம், 1510 வாற்றில் மூன்று நிமிடம் இருபது செக்கன். மின்மானி கணக்கிடுவது வலுவை அன்று, வலுவும் நேரமும் சேர்ந்த சக்தியை; இரண்டு வேளையிலும் அது ஓர் அலகில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். கூடுதல் நேரத்தில் கேத்தலிலிருந்து வெளியேறும் வெப்பத்தையும் சேர்த்தால் மாலையில் சற்றுக் கூடவே செலவாகும்.

சுருளின் தடையைப் பல்மானியால் நேரே அளந்து பார்க்க விரும்பினால், பிளக்கைக் கழற்றிய பின்னரே அளக்க வேண்டும். இதை அண்ணாவுக்கும் சொல்லுங்கள். கேத்தலில் 26 ஓமுக்கு அண்மித்த விடை வரும். ஆனால் 60 வாற்று இழை மின்குமிழை அளந்தால், கணக்கின்படி வரவேண்டிய 882 ஓமில் பத்தில் ஒரு பங்கும் வராது. எரியும்போது தங்குதன் இழை மிகவும் சூடேறித் தடை பன்மடங்காகிறது. நீங்கள் அளப்பதோ குளிர்ந்த இழையை.

கிணற்று மோட்டருக்கு இந்தக் கணக்கைப் பயன்படுத்த வேண்டாம். அதில் வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கினாலும் சரியான வாற்று கிடைக்காது. வோல்ற்றளவு குறையும்போது அதே சுமையை இழுக்க அது கூடுதல் மின்னோட்டத்தை எடுப்பதால் சுருள்கள் சூடேறிக் கருகக்கூடும். 200 வோல்ற்று வருகின்ற நேரத்தில் தோட்டத்துக்கு இறைப்பதைக் காலைக்குத் தள்ளிவைப்பதே நல்லது.