ட்ரெபுஷே என்ற பழைய கல்லெறி பொறி வெறும் எடையை வைத்துக் கோட்டைச் சுவரை எப்படி உடைத்தது?

அடிப்படை நெம்புகோல்தான். கனமான எடை கொஞ்ச தூரம் கீழே இறங்க, அதைவிட லேசான கல் வெகு தூரம் வேகமாக நகர்கிறது. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான்.

நீண்ட மரக்கையின் குட்டைப் பக்கத்தில் மண்ணோ கல்லோ ஈயமோ நிரப்பிய பெட்டி தொங்கும். பெரிய பொறிகளில் அது பல டன். நெட்டை முனையில் கவண். உண்மையான சாமர்த்தியம் இந்தக் கவணில்தான் இருக்கிறது. கை மேலே எழும்போது கவண் சாட்டை போலச் சுழன்று வேகத்தை வெகுவாகக் கூட்டுகிறது. கயிற்றின் ஒரு முனை கொக்கியில் சும்மா மாட்டியிருக்கும். கொக்கியின் வளைவை மாற்றினால் கல் விடுபடும் நேரம் மாறும், விழும் இடமும் மாறும். கற்களை ஒரே எடையில் செதுக்கிக்கொண்டால், சுவரின் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப அடிக்கலாம். என்னைக் கேட்டால், ஒற்றை அடியின் பலத்தைவிட இந்தத் துல்லியம்தான் சுவர்களைச் சாய்த்தது.

சீனாவில் பிறந்த முந்தைய வகையில் எடை கிடையாது, ஆட்களே கயிறுகளை இழுத்தார்கள். எடை வைத்த வகை 12-ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக்கடல் பகுதியில் பரவியது. அப்புறம் அது சீனாவுக்கே போனது: மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானுக்காக மேற்காசியாவிலிருந்து வந்த இஸ்மாயில், அலாவுத்தீன் என்ற பொறியாளர்கள் கட்டிய பொறிகளின் முன், ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்த சியாங்யாங் நகரம் 1273-இல் பணிந்தது. 1304-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டை சரணடைய முன்வந்தபோது, இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு உடனே ஏற்கவில்லை. புதிதாகக் கட்டிய ‘வார்வுல்ஃப்’ என்ற ட்ரெபுஷேயால் முதலில் கல்லெறிந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றார்.