நார்ட்ஜி கார்டியல்: கசப்பது ஏன், உறைவது ஏன், மூடி தெறிப்பது ஏன்?

கேள்வி: ஐயா, வணக்கம். தென்னாப்பிரிக்காவில், குவாசுலு-நேட்டாலின் வெருலம் பக்கம் எங்கள் தோட்டத்தில் நார்ட்ஜி (கமலா வகை) மரம் 9, நேவல் ஆரஞ்சு 1, முரட்டு எலுமிச்சை 2 இருக்கின்றன. ஜூன், ஜூலையில் பழம் தின்று மாளாது. போன வருடம் உதிர்ந்தது, பறித்தது எல்லாவற்றையும் கழுவி, பாதியாக வெட்டி, தோலோடு லிக்விடைசரில் (மிக்சியில்) அடித்து, சர்க்கரை போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, தண்ணீர் கலந்து குடிக்கும் கார்டியலாகப் பழைய வைன் பாட்டில்களில் ஊற்றி வைத்தேன். மறுநாளே கசந்தது. சில பாட்டில்கள் ஜாம் மாதிரி இறுகிவிட்டன. மூன்று வாரத்தில் இரண்டு பாட்டில் மூடி தெறித்துப் போயின. மரத்துக்கு ஏதாவது சத்துக் குறைவா? இந்த வருடம் ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் கோயிலில் 200 பேருக்குக் கொடுக்க ஆசை. அளவோடு செய்முறை சொல்லுங்கள்.

பதில்: வணக்கம் அம்மா. கசப்புக்காக மரத்துக்கு உரம் எதுவும் வைக்க வேண்டாம். கசந்தது, இறுகியது, தெறித்தது மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. மூன்றில் ஒன்றுக்குத்தான் தோட்டத்தோடு சம்பந்தம். அது உதிர்ந்த பழம்.

முதலில் கசப்பு. நேவல் பழத்தைச் சுளையாகத் தின்றால் இனிக்கும். பிழிந்து வைத்தால் சில மணி நேரத்தில் கசக்கும். சுளைத் தோலிலும் வெள்ளைத் தோலிலும் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. பழத்தைப் பிழியும்போது அது சாற்றின் புளிப்போடு கலந்து, மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. சூடு அந்த மாற்றத்தை விரைவுபடுத்தும். நீங்கள் தோலோடு அரைத்து அரை மணி நேரம் கொதிக்க வைத்தீர்கள். கசக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். விதையும் லிக்விடைசரில் அரைபட்டிருக்கும். நார்ட்ஜி விதையை நகத்தால் பிளந்து பாருங்கள், உள்ளே பச்சை நிறத்தில் பருப்பு இருக்கும். அதை நாக்கில் வைத்தாலே கசப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

முரட்டு எலுமிச்சை வேரில் ஒட்டுக்கட்டிய நேவல் மரங்களின் சாறு கூடுதலாகக் கசக்கும். இந்த நாட்டின் பழைய மரங்களில் பல அப்படி ஒட்டியவைதான். உங்கள் மரம் எந்த வேரில் நிற்கிறது என்று இப்போது தேடிப் பயனில்லை. இப்படிச் சோதித்துப் பாருங்கள்: ஒரு கோப்பை சாறு பிழிந்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை ஆவி வரும்வரை சுடவைத்து ஆறவிடுங்கள். இரண்டையும் மாறி மாறிச் சுவையுங்கள். சுட்ட பாதி கசந்தால் அந்த மரத்துப் பழம் பாட்டிலுக்கு ஆகாது. பருவக் கடைசியில், பழம் மரத்திலேயே நன்றாக முதிர்ந்தபின் கசப்பு குறையும். அப்போது திரும்பச் சோதிக்கலாம். என்னைக் கேட்டால் நேவலை உரித்துத் தின்னுங்கள், கார்டியலுக்கு நார்ட்ஜியும் எலுமிச்சையும் போதும்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. நார்ட்ஜி என்ற ஆப்பிரிக்கான்ஸ் சொல் நம் நாரத்தையிலிருந்து வந்தது என்றுதான் அகராதிகள் சொல்கின்றன. பெயர் கப்பலேறி வந்தது, பழம் வேறு. ஊரில் ஊறுகாய் போடும் நார்த்தங்காய் கடும் புளிப்பு; இங்கே நார்ட்ஜி என்பது கையால் உரிக்கிற, இனிப்பான கமலா வகை. அதனால் தமிழ்நாட்டுச் சமையல் குறிப்பில் ‘நார்த்தை ஸ்குவாஷ்’ என்று கண்டால் அந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நார்ட்ஜிச் சாற்றில் அமிலம் ஏறக்குறைய 1 விழுக்காடுதான், எலுமிச்சையில் 5 வரை இருக்கும். புளிப்பைச் சேர்க்காவிட்டால் நார்ட்ஜி கார்டியல் வெறும் சர்க்கரைத் தண்ணீர் போலச் சப்பென்று இருக்கும்; கெடவும் சீக்கிரம் கெடும்.

அடுத்து இறுகியது. வெள்ளைத் தோலிலும் விதையிலும் பெக்டின் என்ற, ஜாமை இறுகவைக்கும் பொருள் நிறைய உண்டு. பெக்டின், சர்க்கரை, புளிப்பு மூன்றையும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் மார்மலேட் வரும். நீங்கள் செய்தது கிட்டத்தட்ட அதுதான். இறுகின பாட்டில் மிச்சம் இருந்து, புளித்த வாடையோ பூஞ்சையோ இல்லாவிட்டால் ரொட்டிக்குத் தடவிக்கொள்ளலாம். நுரைத்ததைக் கொட்டிவிடுங்கள்.

மூடி தெறித்தது ஈஸ்ட்டின் வேலை. சர்க்கரையைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும் நுண்ணுயிர் அது; அந்த வாயுதான் மூடியைத் தள்ளியது. பழத்தோலில் எப்போதும் கொஞ்சம் ஈஸ்ட் ஒட்டியிருக்கும். உதிர்ந்த பழத்தில் அது தோலோடு நிற்காது, சுளைக்குள்ளேயே போயிருக்கும். இந்தக் கரையோரத்தில் பழ ஈக்குப் பஞ்சமில்லை. நேட்டால் பழ ஈ என்று நம் மாகாணத்தின் பெயரையே வாங்கிய ஈ அது. தோலில் ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி, சுற்றிலும் பழுப்பு வட்டம், அழுத்தினால் மெத்தென்று இருந்தால் உள்ளே முட்டையோ புழுவோ இருக்கிறது. அந்தத் துளை வழியாகப் பழம் ஏற்கெனவே புளிக்கத் தொடங்கியிருக்கும். அதைக் கொதிக்கவைத்தீர்கள், சரி. ஆனால் கொதிக்கவைக்காத பாட்டிலில் ஆறியபின் ஊற்றினால் ஈஸ்ட் மறுபடி ஏறிவிடும். உதிர்ந்ததை வாரம் ஒரு முறையாவது பொறுக்கி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். அடுத்த வருடத்து ஈயும் குறையும்.

ஒரு கிளையில் மட்டும் பழம் கோணலாக, சிறுத்து, பழுத்த பிறகும் ஒரு பக்கம் பச்சையாகவே நின்று, விதை கறுத்துச் சுருங்கியிருந்தால் அது பச்சைநோயாக இருக்கலாம். அந்தப் பழம் கசக்கும், கார்டியலில் சேர்க்காதீர்கள். விவசாய அலுவலரை அழைத்து மரத்தைக் காட்டுங்கள்.

இனி செய்முறை. இந்த அளவுக்குச் சுமார் 3 லிட்டர் கார்டியல் வரும்: நார்ட்ஜிச் சாறு 1 லிட்டர், எலுமிச்சைச் சாறு 250 மில்லி, சர்க்கரை 1.5 கிலோ, தண்ணீர் 750 மில்லி, சிட்ரிக் அமிலம் 20 கிராம். ஒரு லிட்டர் சாற்றுக்கு நார்ட்ஜி இரண்டரையிலிருந்து 3 கிலோ பிடிக்கும். எலுமிச்சை 6, 7 போதும். முரட்டு எலுமிச்சை தோல் தடித்தது, இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழத்தை நிறம் பார்த்துப் பறிக்காதீர்கள். நம் கரையோரத்தில் இரவுக் குளிர் போதாது, உள்ளே பழுத்தும் தோல் பச்சை கலந்தே நிற்கும். ஒன்றை உரித்துத் தின்று பாருங்கள். தோல் உப்பி, உள்ளே சுளை கலகலவென்று ஆடினால் பருவம் கடந்துவிட்டது, புளிப்பு போயிருக்கும். பனி காய்ந்த பிறகு கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். இழுத்துப் பறித்தால் நார்ட்ஜியின் தோல் காம்படியில் பிய்ந்து, அந்த ஓட்டை வழியே அழுகல் புகும். மருந்து தெளித்திருந்தால் புட்டியில் எழுதிய காத்திருப்பு நாள் முடியட்டும்.

10 லிட்டர் தண்ணீரில் வாசனை சேர்க்காத, 3.5 விழுக்காடு உள்ள வீட்டு ப்ளீச் 30 மில்லி கலந்து, பழத்தை 2 நிமிடம் முக்கியெடுத்து நல்ல தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி உலர்த்துங்கள்.

வாசனை தோல் எண்ணெயில்தான் இருக்கிறது, சாற்றில் கொஞ்சமே. நார்ட்ஜித் தோல் தளர்ந்தது, துருவியில் நிற்காது. 4 பழத்தின் தோலை உரித்து, உட்புற வெள்ளையைக் கரண்டி முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய ஆரஞ்சு நிறத் தோலை நறுக்கி, மேலே சொன்ன சர்க்கரையில் 100 கிராம் எடுத்துக் கையால் பிசறி 2 மணி நேரம் மூடி வையுங்கள். சர்க்கரை ஈரமாகி, நிறம் ஏறி, வீடே மணக்கும். 4 பழத்துக்கு மேல் போகாதீர்கள். எண்ணெய் கூடினால் நாளாக நாளாகப் பெயின்ட் கடை வாடை அடிக்கும். மீதித் தோலை நிழலில் உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்தால் பாயசத்துக்கும் கேக்குக்கும் உதவும்.

எலுமிச்சையை குறுக்கே வெட்டிப் பிழியுங்கள், கடைசிச் சொட்டு வரை திருகாதீர்கள். நார்ட்ஜியை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, வெள்ளை நாரைக் களைந்து, பழைய வேட்டித் துணியில் (கஞ்சி போடாதது, கொதிநீரில் அலசியது) முடிந்து கையால் பிழியுங்கள். விதை துணியிலேயே தங்கிவிடும். லிக்விடைசரை அலமாரியிலேயே விடுங்கள்.

தண்ணீர், மிச்சச் சர்க்கரை, சிட்ரிக் அமிலம் மூன்றையும் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, அழுக்கு நுரையை எடுத்து, அந்தச் சூட்டோடு தோல் பிசறிய சர்க்கரையில் ஊற்றிக் கலக்கி மூடுங்கள். அலுமினியம், பித்தளை, ஈயம் போன செம்புப் பாத்திரம் ஆகாது. புளிப்பு உலோகத்தைத் தின்று சாற்றில் இறக்கும். பாகு கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 40 டிகிரிக்கு, ஆறியதும் வடிகட்டி, அதன்பிறகுதான் சாற்றை ஊற்றிக் கலக்க வேண்டும். நார்ட்ஜிச் சாறு மென்மையானது, கொதித்தால் வெந்த வாடை வரும், திரும்பப் போகாது. எல்லாவற்றிலும் இந்த ஒரு படிதான் முக்கியம்.

பாட்டிலைச் சோப்பால் கழுவி, பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். மூடி புதியதாக, உட்புறம் பிளாஸ்டிக் பூசியதாக இருக்கட்டும். கழுத்துக்குக் கீழே ஓர் அங்குலம் காலி விடுங்கள்.

இப்படிச் செய்தது குளிர்ப்பெட்டியில் 10 நாள் நன்றாக இருக்கும். அலமாரியில் மாதக்கணக்கில் வைக்க இது போதாது. இதில் சர்க்கரை ஏறக்குறைய 46 விழுக்காடு, ஈஸ்ட்டைச் சர்க்கரை மட்டுமே தடுக்க 65க்கு மேல் வேண்டும். மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால், பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற கெடாமல் காக்கும் மருந்து 3 லிட்டருக்கு 2 கிராம். வைன் போடுகிறவர்கள் வாங்கும் கேம்டன் மாத்திரையானால் 4. இரண்டு கரண்டி ஆறின பாகில் கரைத்துக் கடைசியாகச் சேருங்கள். சூட்டில் போட்டால் வாயுவாகப் பறந்துவிடும். கூடுதலாகப் போட்டால் தீக்குச்சி வாடை அடிக்கும், தொண்டையும் கமறும். முதல் வாரம் லேசான வாடை இருக்கும், பிறகு அடங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது. யாருக்குக் கொடுத்தாலும் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். அதே வேலைக்குச் சோடியம் பென்சோயேட் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் வைட்டமின் சி உள்ள சாற்றில் அதைச் சேர்த்து வெளிச்சத்திலும் வெப்பத்திலும் வைத்தால் சிறிதளவு பென்சீன் என்ற நச்சுப் பொருள் உண்டாகலாம். அதனால் இந்தப் பழத்துக்கு நான் அதைச் சொல்வதில்லை.

மருந்தே வேண்டாம் என்றால் அரை லிட்டர் கண்ணாடி பாட்டில்களில் நிரப்பி, மூடியை லேசாகத் திருகி, கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தி, தண்ணீர் 85 டிகிரியில் 25 நிமிடம் நிற்கட்டும். எடுத்தவுடன் மூடியை இறுக்குங்கள். குளிர்ந்த கல்மேல் வைத்தால் பாட்டில் விரிசல் விடும், துணிமேல் வையுங்கள். கூல் டிரிங்க் பிளாஸ்டிக் பாட்டில் இந்தச் சூட்டில் சுருண்டுவிடும். நார்ட்ஜிக்கு லேசான வெந்த சுவை வரத்தான் செய்யும். எலுமிச்சை இதைத் தாங்கும். தனி எலுமிச்சைக் கார்டியலுக்குச் சாறு 1 லிட்டர், சர்க்கரை 2 கிலோ, தண்ணீர் 1 லிட்டர், சிட்ரிக் அமிலம் தேவையில்லை.

சில நாளில் மேலே தெளிந்து அடியில் வண்டல் இறங்கினால் பயப்பட வேண்டாம். சுடவைக்காத சாற்றில் உள்ள ஒரு நொதி பெக்டினைச் சிதைப்பதால் அப்படி ஆகிறது. குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். மூடி திறக்கும்போது ‘உஸ்’ என்று வந்தால்தான் கொட்ட வேண்டும். பழுப்பு நிறம் ஏறினால் வெளிச்சமும் வெப்பமும் பட்டிருக்கிறது. டிசம்பர் வெயிலில் கராஜில் வைத்தால் அப்படித்தான் ஆகும்.

உங்கள் 200 பேர் கணக்கு: ஆளுக்கு 200 மில்லி என்றால் 40 லிட்டர் பானம். ஒரு பங்கு கார்டியலுக்கு 4 பங்கு தண்ணீர், ஆக 8 லிட்டர் கார்டியல் வேண்டும். மேலே சொன்ன அளவை மூன்று மடங்கு செய்தால் 9 லிட்டர். சிந்துவதற்கும் இரண்டாம் முறை கேட்கும் பிள்ளைகளுக்கும் சரியாக இருக்கும். நார்ட்ஜி 8, 9 கிலோ, எலுமிச்சை 20 அல்லது சற்றுக் கூட, சர்க்கரை நாலரைக் கிலோ. கோயில் நாளுக்கு மருந்து போடாதீர்கள், யாருக்கு ஆஸ்துமா என்று வரிசையில் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நல்ல பழம் ஜூனிலேயே வந்துவிட்டால் சாற்றை மட்டும் பிழிந்து, பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு காலி விட்டு ஃப்ரீசரில் உறையவையுங்கள். கார்டியலாகச் செய்து உறையவைக்காதீர்கள், அவ்வளவு சர்க்கரையோடு அது கட்டியாக உறையாமல் கூழாகவே நிற்கும். கூழுக்கு இரண்டு நாள் முன்னால் சாற்றைக் குளிர்ப்பெட்டிக்குள்ளேயே இளகவிட்டு, பாகு காய்ச்சிக் கலந்தால் போதும். அன்றைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரிடம் மட்டும் சொல்லிவையுங்கள்: ஐஸும் தண்ணீர்க் கணக்குத்தான். 3 பங்கு தண்ணீர், ஒரு பங்கு ஐஸ்.