மந்திரியாகாத மார்ஷல்

கேள்வி: நவம்பர் 1 வந்தால் மார்ஷல் நேசமணிக்கு மாலை போடுகிறார்கள். 'அவர் மந்திரியாகக்கூட இருந்ததில்லையே, அப்படி என்ன செய்தார்?' என்று என் மகள் கேட்கிறாள். என்ன சொல்ல?
– ஒரு வாசகி, கருங்கல்

பதில்: வீட்டில் பழைய ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், ஏதாவது இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. பாட்டா காலத்து எட்டு சென்ட் தென்னந்தோப்புக்கு எழுதியது. சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் பத்திரத்தாள். மடித்த இடமெல்லாம் இற்றுப்போய், பின்னால் துணி ஒட்டி வைத்திருக்கிறோம். எழுத்து முழுக்க மலையாளம். பாட்டா தமிழ் சரளமாக வாசிப்பார். ஆனாலும் தன் மண்ணின் நான்கு எல்லை எது என்று தெரிந்துகொள்ள, குழித்துறையில் ஆதாரம் எழுதுகிறவர் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடந்தார். அவர் ஒரு எல்லையை மாற்றிச் சொல்லிவிட, கிணறு இருந்த மூலை பக்கத்து வீட்டுக்காரருக்குப் போயிற்று. சாகும்வரை பாட்டாவுக்கு அந்தக் கிணற்றுப் பேச்சுதான்.

இந்த நிலைமை மாற வேண்டும் என்று இறங்கியவர் நேசமணி. 1895-இல் பள்ளியாடியில் பிறந்தவர், நாகர்கோவிலில் வக்கீல். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சியை முன்னின்று நடத்தினார். முதல் பொதுத்தேர்தலில் அந்தக் கட்சியின் பேரிலேயே நின்று நாகர்கோவில் எம்.பி. ஆனார். 1954 ஆகஸ்ட் 11-இல் அதற்காகப் போராடியவர்களை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள். உங்களுக்குப் புதுக்கடை பக்கம்தானே, மகளை ஒருநாள் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டுங்கள். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழர் மாநிலத்தோடு சேர்ந்தன.

அப்புறம் 1957-இல் கிள்ளியூர் எம்.எல்.ஏ., 1962-இல் காங்கிரஸ் சார்பில் மறுபடி எம்.பி. மகளிடம் 1967-ஐ விடாமல் சொல்லுங்கள். காமராஜரே விருதுநகரில் தோற்ற தேர்தல் அது. அந்த அலையிலும் நாகர்கோவிலில் நேசமணி ஜெயித்தார். அடுத்த வருடம் எம்.பி.யாக இருக்கும்போதே காலமானார். அந்த இடத்துக்கு 1969-இல் இடைத்தேர்தல் வந்தது. காமராஜரை டெல்லிக்கு அனுப்பியது நம் தொகுதி.

மார்ஷல் என்பது பட்டாளத்துப் பதவி இல்லை, ஜனங்கள் ஆசையாகக் கொடுத்த பட்டம். சின்ன வயதில் எனக்கு அவர் ஒரு பஸ்ஸின் பெயர்தான். 'நேசமணி போக்குவரத்துக் கழகம்' என்று பக்கவாட்டில் எழுதியிருக்கும். யார் இந்த நேசமணி என்று நான் கேட்டபோதுதான் அப்பா அந்த ஆதாரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார்.

கேள்வி: கேரளத்துக்குப் போன தேவிகுளம், பீர்மேட்டை விட்டுக்கொடுத்தது அவருடைய தோல்விதானே?
– ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: தோல்விதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விட்டுக்கொடுத்தார் என்று சொல்லாதீர்கள். அவர் கட்சி கேட்ட தாலுகாக்களில் அவை இரண்டும் இருந்தன. அங்கிருக்கும் தமிழர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலையான குடிகள் இல்லை என்று மாநிலச் சீரமைப்புக் கமிஷன் தள்ளிவிட்டது. மலையிலேயே பிறந்து, கொழுந்து கிள்ளி, அங்கேயே மண்ணுக்குள் போனவர்களைப் பற்றி அப்படி எழுதியது எனக்கு இன்றும் ஆறவில்லை. முல்லைப் பெரியாறு அணை இருப்பதும் அந்தப் பீர்மேடு தாலுகாவில்தான். அந்த இழப்பு என்னவென்று கம்பம் பள்ளத்தாக்கில் வயல் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.